நாணயத்தின் பிழையும் பழுதும்

பெங்களூரில் நாணயச் சேகரிப்பாளர் ஒருவரின் மேசைமீது இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். இரண்டும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. இரண்டிலும் விளிம்பின் ஓரிடத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைந்து காணப்படுகிறது. சேகரிப்பாளர் முதல் நாணயத்திற்கு அதன் முகமதிப்பைப்போலப் பல மடங்கு விலை கொடுக்க முன்வருகிறார். இரண்டாவதையோ ஒரு ரூபாய்க்குக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார். பார்ப்பவருக்கு இது வியப்பாகவே இருக்கும். ஆயினும் அவர் செய்த தீர்ப்புக்குத் தெளிவான காரணம் உண்டு. முதல் நாணயத்தின் குறை அது நாணயமாக உருப்பெறுவதற்கு முன்பே நாணயசாலையில் நேர்ந்தது; இரண்டாவதன் குறை பின்னர் எவரோ அரத்தால் அராவியதால் நேர்ந்தது. முன்னது பிழை, பின்னது பழுது.

சேகரிப்பாளர்கள் ‘எர்ரர் நாணயம்’ என்று சிறப்பித்துக் கூறுவது முன்னதை மட்டுமே. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாமையால் பணத்தை இழந்தோர் பலர். ஐயத்தால் நல்ல நாணயத்தையே போலி எனத் தள்ளியோரும் பலர். இப்பாகுபாடு கண்ணோட்டத்தையோ ஊகத்தையோ சார்ந்ததன்று. உலோகம் அழுத்தத்தின்கீழ் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிந்தவர் எவரும் ஒரு சிறு உருப்பெருக்குக் கண்ணாடியும் நுண்ணிய தராசும் கொண்டு பெரும்பாலான நாணயங்களைப் பற்றித் தாமே முடிவுக்கு வந்துவிடலாம்.

நாணயம் உருவாகும் முறை

இந்திய அரசின் நாணயங்கள் இன்று மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயசாலைகளில் அடிக்கப்படுகின்றன. நான்கிலும் செயல்முறை ஏறத்தாழ ஒன்றே. முதலில் தேவையான உலோகக் கலவை நீண்ட தகடாக உருட்டப்படுகிறது. அத்தகட்டிலிருந்து வட்ட வடிவமான வில்லைகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. வெட்டுப்பட்ட வில்லை கடினமாக இருக்குமாதலால், அது உலையிற் சூடாக்கப்பட்டு மென்மையாக்கப்படுகிறது. அடுத்து, வில்லையின் ஓரம் சுற்றிலும் நெருக்கப்பட்டு, சற்றே உயர்ந்த விளிம்பு உண்டாக்கப்படுகிறது. இறுதியாக, மேலும் கீழுமாக அமைந்த இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வில்லை வைக்கப்பட்டுப் பெரும் விசையுடன் ஒரே அடியில் அழுத்தப்படுகிறது. அப்போது வில்லையைச் சுற்றி ஓர் எஃகு வளையம் நின்று, உலோகம் பக்கவாட்டில் பரவாமல் தடுக்கிறது. நாணயத்தின் ஓரத்திற் காணும் வரிகளும் அவ்வளையத்தின் உட்புறத்திலிருந்தே பதிகின்றன.

இங்கு நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாணயத்தில் மேடாகத் தோன்றும் உருவம் அச்சில் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். வலமாகத் தோன்றுவது அச்சில் இடமாக இருக்கும். அழுத்தத்தின்போது உலோகம் ஏறக்குறைய களிமண்போல நகர்ந்து அச்சின் குழிகளை நிரப்புகிறது. பிழையையும் பழுதையும் பிரித்தறியும் முறைகள் யாவும் இவ்வடிப்படையிலிருந்தே பிறக்கின்றன.

ஆகவே ஒரு நாணயம் உருவாவதற்கு வில்லை, அச்சு, அடி ஆகிய மூன்றும் வேண்டும். நாணயசாலையில் நேரும் பிழை இம்மூன்றில் ஒன்றனால் நேர்ந்ததாகவே இருத்தல் வேண்டும். நாணயத்தில் காணும் ஒரு விகாரத்தை இம்மூன்றில் எதனாலும் விளக்க முடியாவிடில், அது பிற்காலத்தில் நேர்ந்த பழுது என்று துணியலாம்.

வில்லையின் பிழைகள்

தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது தகடு உரிய அளவு முன்னகராவிட்டால், வெட்டுக் கருவி முன்பே துளைபட்ட இடத்தின்மேல் சிறிது படிந்து விழும். அவ்வாறு கிடைக்கும் வில்லையில் பிறை வடிவமான குறை ஏற்படும். தகட்டின் நுனியில் வெட்டு விழுந்தால் குறை நேர்கோடாக இருக்கும். மேலே கூறப்பட்ட முதல் நாணயத்தின் குறை இத்தகையதே.

இதனை அறிவதற்கு இரண்டு அடையாளங்கள் உள்ளன. வில்லையின் விளிம்பை உயர்த்தும் யந்திரம் எதிரெதிரான இரு பக்கங்களிலிருந்து நெருக்குகிறது. ஒரு பக்கம் குறைபட்டிருந்தால் அந்த இடத்தில் எதிர்ப்பு இராது; எனவே அதற்கு நேர் எதிரேயுள்ள விளிம்பும் சரிவர உயராது. உண்மையான வெட்டுக் குறையுள்ள நாணயத்தில் குறைக்கு நேர் எதிரேயுள்ள விளிம்பு மழுங்கிக் காணப்படுவது இதனாலேயே ஆகும். இரண்டாவதாக, அடி விழும்போது குறைபட்ட பக்கத்தை நோக்கி உலோகம் தடையின்றி நகர்வதால், அங்குள்ள எழுத்துகள் அத்திசையில் சற்றே இழுபட்டு மெலிந்திருக்கும். அரத்தால் அராவிய நாணயத்தில் இவ்விரண்டும் இரா. அங்கு எதிர்ப்பக்க விளிம்பு முழுமையாக இருக்கும். எழுத்துகள் கத்தியால் அறுத்தாற்போல் திடீரென முடியும். கண்ணாடியால் நோக்கினால் அரத்தின் கோடுகளும் புலப்படும்.

மெல்லிய வில்லையில் அடிக்கப்பட்டதென்று கூறி விற்கப்படும் நாணயங்கள் மற்றோர் எடுத்துக்காட்டு. உண்மையாகவே தகடு மெலிந்திருந்தால் உலோகம் போதாமல் எழுத்துகள் சில இடங்களில் நிரம்பாதிருக்கும். ஆனால் எஃகு வளையத்தினுள் அடிக்கப்பட்டமையால் நாணயத்தின் குறுக்களவு குறையாது. அமிலத்தில் ஊறவைக்கப்பட்ட நாணயமோ எல்லாப் பக்கங்களிலும் கரைவதால், கனத்துடன் குறுக்களவும் குறைந்துவிடும். எழுத்துகள் நிரம்பியிருந்தும் நூல்போல் மெலிந்து நிற்கும்.

இருவகை உலோகங்களாலான பத்து ரூபாய் நாணயத்தில் வேறொரு நிலை உள்ளது. அதன் வெளிவளையம் ஓர் உலோகத்தாலும் நடுவில்லை வேறோர் உலோகத்தாலும் ஆனவை. இவ்விரண்டும் தனித்தனியே வெட்டப்பட்டு, அச்சின் ஒரே அடியில் இணைவதோடு பொறிப்பையும் பெறுகின்றன. நடுவில்லை வளையத்தினின்று விலகி அமைதல் நாணயசாலையில் நேரக்கூடிய பிழையே. ஆனால் நடுவில்லையின் உருவம் வளையத்தின் எழுத்துகளோடு பொருந்தாமல் திரும்பியிருந்தாலோ, அதன் முன்பக்கம் பின்பக்கமாக மாறியிருந்தாலோ, அது நாணயசாலையின் வேலையாக இருத்தல் இயலாது. இரண்டுக்கும் ஒரே அச்சு ஒரே நேரத்தில் பொறிப்பை அளிப்பதால், அவை தம்முள் மாறுபட வழியில்லை. அத்தகைய நாணயம் நடுவில்லை தட்டி எடுக்கப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டதேயாகும்.

அச்சின் பிழைகள்

ஓர் அச்சு பல்லாயிரம் முறை மோதுண்டு களைப்படையும். அதில் விரிசல் தோன்றினால், அவ்விரிசலினுள் உலோகம் புகுந்து நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடாகப் பதியும். பழுதால் ஏற்படும் கீறல் இதற்கு நேர்மாறாகக் குழிந்திருக்கும். கோடு மேடா, பள்ளமா என்ற இந்த ஒரு கேள்வியே பல ஐயங்களைத் தீர்த்துவிடும். அச்சின் ஓரம் சிதறி விழுந்துவிட்டால், அவ்விடத்தில் எழுத்தில்லாத உலோகத் திட்டு ஒன்று மேடாக நிற்கும். உலோகம் அங்குச் சென்றுவிடுவதால் அதன் பின்புறத்தில் பொறிப்பு மங்கியிருக்கும்.

எண்ணெய்ப் பசையும் தூசியும் அச்சின் குழிகளில் அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது ஓர் எழுத்தோ, ஆண்டின் ஓர் இலக்கமோ நாணயத்தில் விழாது போகும். இதனைக் கண்டோர் சிலர், இலக்கத்தைச் சுரண்டி நீக்கி அரிய நாணயமென விற்க முயல்வர். பசையால் மறைந்த எழுத்தின் இடம் சுற்றுப்புறத்தோடு ஒரே மட்டமாகவும் இயல்பான பளபளப்போடும் இருக்கும். சுரண்டிய இடம் தாழ்ந்தும், நுண்ணிய கோடுகளோடு வேறு நிறத்தில் மின்னியும் காணப்படும்.

எழுத்துகள் இரட்டையாகத் தோன்றுவதிலும் இருவகை உண்டு. அச்சைச் செய்யும்போதே மூல முத்திரை இருமுறை சற்று விலகிப் பதிந்திருந்தால், அந்த அச்சிலிருந்து வரும் எல்லா நாணயங்களிலும் இரட்டை எழுத்துகள் இருக்கும்; இரண்டாம் எழுத்தும் முதலெழுத்தைப்போல உருண்டு திரண்டிருக்கும். அச்சு தளர்ந்து, அடி விழுந்தபின் சற்றே வழுக்கியதால் ஏற்படும் இரட்டிப்போ தட்டையான படிபோலத் தோன்றும். எழுத்தின் உடலையே நசுக்கி உண்டாகியிருக்கும். முன்னதையே சேகரிப்பாளர் பெரிதாக மதிப்பர்.

அச்சின் திசையும் கவனிக்கத்தக்கது. இந்திய நாணயம் ஒன்றை நிமிர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் புரட்டினால் பின்பக்க உருவமும் நிமிர்ந்தே நிற்கும். ஓர் அச்சு தன் இருக்கையில் திரும்பிவிட்டால் பின்பக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ அமையும். பிழைகளுள் போலியாகச் செய்வதற்கு மிகக் கடினமானது இதுவே. நாணயத்தை இரண்டாக அறுத்து ஒட்டினாலன்றி இயலாது. அவ்வாறு ஒட்டியதை விளிம்பின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய இணைப்புக் கோடும், கீழே போட்டால் எழும் மந்தமான ஓசையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடியின் பிழைகள்

வில்லை நடுவில் அமராமல் விலகியிருக்கும்போது அடி விழுந்தால், ஒரு பக்கத்தில் பொறிப்பில்லாத வெற்றுப் பிறை காணப்படும். எஃகு வளையம் எழும்பாதபோது அடி விழுந்தால், உலோகம் எல்லாப் பக்கங்களிலும் பரவி, நாணயம் அகன்று ஓர வரிகளின்றி அமையும். சுத்தியலால் அடிக்கப்பட்ட நாணயமும், சிறுவர் ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய நாணயமும் இவ்வாறே அகன்றிருக்கும். மூன்றின் எடையும் மாறாதாகையால் தராசு இங்குப் பயன்படாது. எழுத்துகளே சான்று கூறவேண்டும். வளையமின்றி அடிக்கப்பட்டதில் எழுத்துகள் கூர்மையாக எழுந்து நிற்கும்; நசுங்கியதில் அவை தேய்த்தாற்போலத் தட்டையாகிவிடும்.

சில வேளைகளில் அடிபட்ட நாணயம் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அடுத்து வரும் வில்லையின் ஒரு பக்கத்தில், அச்சுக்குப் பதிலாக ஒட்டிய நாணயத்தின் முகம் பதிகிறது. விளைவாக, அவ்வில்லையின் ஒரு பக்கம் இயல்பாகவும், மறுபக்கம் அதே உருவம் இடவல மாற்றத்துடன் குழிந்தும் அமைகிறது. இதனைப் பார்த்துச் சிலர் இரு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இடுக்கியில் நெருக்கிக் குழிந்த உருவத்தை உண்டாக்குவர். அத்தகையதில் பழைய பொறிப்பின் எச்சம் குழிந்த உருவத்தின் அடியிற் தெரியும். மறுபக்கமும் இடுக்கியின் அழுத்தத்தால் நசுங்கியிருக்கும்.

தராசும் காந்தமும்

கண்ணுக்கு அடுத்தபடியாக நம்பத்தக்கவை அளவுக் கருவிகள். 2011ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம், குறுக்களவு 21.93 மில்லிமீட்டர், அதே வரிசையின் இரண்டு ரூபாய் 4.85 கிராமும் 25 மில்லிமீட்டரும் உடையது. இரண்டு ரூபாய்க்கான பொறிப்பு தவறுதலாக ஒரு ரூபாய் வில்லையில் விழுந்திருந்தால், ஓரத்து எழுத்துகள் அறுபட்டிருப்பதோடு எடையும் 3.79 கிராமை ஒட்டியே இருக்கவேண்டும். எடை இரண்டுக்கும் பொருந்தாது இடைப்பட்டு நின்றால், ஓரம் தேய்க்கப்பட்ட நாணயம் அது என்று ஐயுறவேண்டும்.

காந்தமும் பெரிதும் உதவும். துருப்பிடிக்காத எஃகாலான இக்காலத்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைக் காந்தம் ஈர்க்கும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய நாணயங்களை அது ஈர்க்காது. தூய நிக்கலாலான 1950களின் ரூபாயையோ ஈர்க்கும். ஆகவே ஒரு நாணயத்தின் நிறம் வழக்கத்திற்கு மாறாகச் செம்புபோல் இருக்கிறதென்றால், முதலிற் காந்தத்தைக் காட்டிப் பார்த்தல் நன்று. எஃகு நாணயத்திற்குச் செம்பு முலாம் பூசப்பட்டிருந்தால் காந்தம் அதனை உடனே வெளிப்படுத்திவிடும்.

பிழையல்லாதவற்றைப் பிழையெனக் கருதுவோரும் உண்டு. ஆண்டின் கீழே வைர வடிவக் குறியிருந்தால் மும்பையையும், விண்மீன் இருந்தால் ஐதராபாத்தையும், வட்டப் புள்ளியிருந்தால் நொய்டாவையும் அது குறிக்கும். கொல்கத்தா நாணயங்களில் குறியே இராது. குறியில்லாத நாணயத்தை அச்சுப்பிழை எனக் கருதி விலை கொடுத்து வாங்குதல் வீண் செலவாகும்.

பெங்களூரு பெயர் தாங்கிய காசுகள்

இன்று பெங்களூரில் நாணயசாலை இல்லை. ஆயினும் ஒரு காலத்தில் இந்நகரின் பெயரே நாணயங்களில் பொறிக்கப்பட்டது. 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தானின் யானை உருவம் கொண்ட செப்புக் காசுகளுள் பெங்களூரில் அடிக்கப்பட்டவையும் உள்ளன. மைசூர் அரசின் அக்கசாலை 1833இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டு, 1843இல் மூடப்படும்வரை இங்கு இயங்கிற்று. இக்காசுகளை ஆராய்வோர் மேலே கூறிய விதிகளை அப்படியே கையாண்டால் பெரிதும் ஏமாறுவர்.

காரணம், யந்திரத்தால் அடிக்கப்பட்ட நாணயத்துக்கும் கையால் சுத்தியல் கொண்டு அடிக்கப்பட்ட காசுக்கும் உள்ள வேற்றுமையாகும். கையடிக் காசுகளுக்குச் சுற்றிலும் தடுக்கும் எஃகு வளையம் இல்லை. வில்லைகளும் ஒரே வட்டமாக வெட்டப்பட்டவை அல்ல. எனவே பொறிப்பு ஒருபுறம் விலகியிருத்தலும், ஓரம் வெடித்திருத்தலும், எழுத்துகளிற் பாதி வில்லைக்கு வெளியே போய்விடுதலும் அங்கு இயல்பு. பதினேழாம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜரின் பெயரால் வழங்கிய தங்கப் பணம் அரை கிராமுக்கும் குறைந்த எடையுடையது. அத்துணைச் சிறு வில்லையில் அச்சின் முழு உருவமும் விழுந்திருத்தலே அரிது. இவற்றை ‘விலகி அடிபட்ட பிழை’ என்று கூறி மிகுந்த விலை கேட்பது பொருந்தாது.

திப்புவின் காசுகளில் இன்னொரு பொறியும் உண்டு. அவர் தம் ஆட்சியின் இடையில் ஆண்டுக் கணக்கை மாற்றி, மௌலூதி என்னும் புதிய முறையைக் கொண்டுவந்தார். அம்முறையில் ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. ஆகவே 1218 என்னும் ஆண்டு, இடமிருந்து வலமாகப் படிக்கும் கண்ணுக்கு 8121 என்று தோன்றும். அச்சு வெட்டியவர் இலக்கங்களைத் தலைமாற்றிவிட்டார் என்று புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர் எண்ணக்கூடும். அது பிழையன்று, அரசின் ஆணை. வரலாற்றை அறியாது உலோகத்தை மட்டும் நோக்கினால் முடிவு தவறிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

இதற்கு மாறாக, அச்சு வெட்டுவோரின் உண்மையான தடுமாற்றங்களும் மைசூர்க் காசுகளில் உள்ளன. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்துச் செப்புக் காசுகள் கன்னடம், பாரசீகம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளையும் தாங்கியவை. ஆங்கில எழுத்துகளுக்குப் பழகாத கைகள் வெட்டிய அச்சுகளில் ‘மயிலி’ என்னும் சொல் ஒரே விதமாக எழுத்துக்கூட்டப்படாமல் பலவாறாக அமைந்துள்ளது. அச்சில் வெட்டப்பட்ட தவறு அவ்வச்சிலிருந்து பிறந்த எல்லாக் காசுகளிலும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒரே விதமான மாறுதல் கொண்ட இரண்டாவது காசு கிடைத்தால், அது அச்சின் பிழை என்பது உறுதிப்படுகிறது. ஒரே ஒரு காசில் மட்டும் காணும் மாறுதல், அடியினாலோ பழுதினாலோ நேர்ந்ததாக இருக்கும்.

பழுதே சான்றாதல்

சேகரிப்பாளரின் சந்தையிற் பழுதுக்கு விலையில்லை. வரலாற்றாசிரியருக்கோ அது சில வேளைகளில் பிழையைக் காட்டிலும் மதிப்புடையது. பெங்களூரின் யஸ்வந்தபுரத்தில் 1891ஆம் ஆண்டு 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. 1965இல் நகரின் மற்றொரு பகுதியாகிய எச்.ஏ.எல். வட்டாரத்தில் 256 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் தென்னாட்டுக்கும் ரோமாபுரிக்கும் நடந்த வாணிபத்தின் கண்கூடான சான்றுகள் இவை.

இத்தகைய காசுகளில் காணும் வெட்டுகளும் குறிகளும் நாணயசாலையிற் பிறந்தவை அல்ல. கை மாறிய வழியில் ஏற்பட்டவை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள் இதனை நன்கு விளக்கும். அவற்றிற் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய ஆழமான தழும்பு உள்ளது. வெட்டின் இரு கரைகளிலும் உலோகம் ஒதுங்கி எழுந்து நிற்பதும், தலையின் உருவம் வெட்டின் இருபுறத்தும் தொடர்வதும், காசு அடிக்கப்பட்ட பின்னரே வெட்டு விழுந்தது என்பதை ஐயமற நிறுவுகின்றன. பொன்னின் தூய்மையைச் சோதிக்க வெட்டினரா, காசாகச் செல்லாதென்று காட்ட வெட்டினரா, வேறு நோக்கம் உண்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆயினும், அயல்நாட்டு மன்னனின் முகத்தைத் தாங்கி வந்த பொன்னை வேண்டுமென்றே ஒரே முறையில் வெட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவு. அத்தழும்புகளைப் ‘பழுது’ எனக் கருதி எவரேனும் தேய்த்து மறைத்திருந்தால், அவ்வரலாற்றுக் கேள்வியே எழுந்திராது.

ஆகையால் பழங்காசுகளைத் துலக்குதல் பெருந்தீங்காகும். வீட்டில் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும் பழக்கத்தால், கிடைத்த காசையும் அவ்வாறே துலக்குவோர் பலர். அதனால் பல நூற்றாண்டுகளாகப் படிந்த பாதுகாப்பான மேற்பூச்சு நீங்கி, எழுத்துகளின் கூர்மையும் அழியும். செப்புக் காசின்மீது வெளிர்பச்சை நிறத்தில் பொடியாக உதிரும் களிம்பு மட்டும் விலக்கு. குளோரைடு உப்புகளால் உண்டாகும் அந்நோய் காசை உள்ளூர அரிக்குமாதலின், அதனை உலர்ந்த இடத்திற் பிரித்து வைத்துத் தேர்ந்தவரிடம் காட்டவேண்டும். மென்மையான பி.வி.சி. உறைகளில் காசுகளை நெடுநாள் வைத்தலும் பசை போன்ற பச்சைப் படிவை உண்டாக்கும்.

வதந்தியும் வாணிபமும்

இவ்வறிவு சேகரிப்பாளருக்கு மட்டுமே உரியதன்று. பத்து ரூபாய் நாணயத்தின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 2009இல் புழக்கத்திற்கு வந்த அந்நாணயம் பின்னர்ப் பல வடிவங்களில் வெளியிடப்பட்டது. சிலவற்றில் 15 கதிர்களும் சிலவற்றில் 10 கதிர்களும் இருந்தன. ரூபாய்க் குறி சிலவற்றில் இருந்தது, சிலவற்றில் இல்லை. இவ்வேற்றுமைகளைக் கண்ட மக்கள் ஒருவகை போலி என்று கருதத் தொடங்கினர். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பல இடங்களில் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் அந்நாணயத்தை வாங்க மறுத்தனர். அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் சட்டப்படி செல்லத்தக்கவையே என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க நேர்ந்தது. வடிவ மாற்றம் பிழையும் அன்று, போலியும் அன்று. இதனை அறியாமையால் நட்டமடைந்தவர் அன்றாடக் கூலியைப் பத்து ரூபாய் நாணயங்களாகப் பெற்ற எளியவரே.

மற்றொரு புறம், பழைய நாணயத்திற்கு லட்சக்கணக்கில் விலை தருவதாக ஆசை காட்டி, கட்டணம், தரகு, வரி என்னும் பெயர்களில் முன்பணம் பறிப்போரும் தோன்றினர். அத்தகையோர் தன் பெயரையும் முத்திரையையும் தவறாகப் பயன்படுத்துவதாகவும், தனக்கு அவ்வியாபாரத்தில் எத்தொடர்பும் இல்லையென்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. நாணயத்தை விற்பவரிடமே முன்பணம் கேட்கும் எவரும் நாணயத்தை நாடியவர் அல்லர்.

2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இவ்விஷயத்தில் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. சிதைக்கப்படாமலும், வரையறுத்த எடைக்குக் குறையாமலும் உள்ள நாணயமே சட்டப்படி செல்லும் என்று அது கூறுகிறது. எனவே அரிய பிழை என்று காட்டுவதற்காக ஒரு நல்ல நாணயத்தை அராவுவோரும் அமிலத்தில் இடுவோரும் பிறரை ஏமாற்றுவதோடு, செல்லும் நாணயம் ஒன்றைச் செல்லாததாகவும் ஆக்கிவிடுகின்றனர்.

வழக்கத்திற்கு மாறான நாணயம் ஒன்று கைக்குக் கிடைத்தால் செய்யவேண்டுவன சிலவே. அதனைத் துலக்காமல், ஓரத்தைப் பிடித்து எடுத்தல் வேண்டும். அதே ஆண்டு, அதே நாணயசாலையைச் சேர்ந்த மற்றொரு நாணயத்தை அருகில் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். எடையையும் குறுக்களவையும் குறித்துக்கொண்டு, குறையின் இரு பக்கங்களையும் அதன் நேர் எதிரேயுள்ள விளிம்பையும் உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குதல் வேண்டும். பின்னர், வில்லை, அச்சு, அடி ஆகிய மூன்றில் எது இதனைச் செய்திருக்கக்கூடும் என்று கேட்டல் வேண்டும். பெங்களூரு மேசைமீது கிடந்த இரு நாணயங்களையும் பிரித்துக் காட்டியது இக்கேள்வியே. விடை ‘இவற்றில் எதுவுமில்லை’ என்று வருமாயின், ஒரு ரூபாய் நாணயத்தின் மதிப்பு ஒரு ரூபாய்க்கு மேல் இல்லை. அதனைத் தெரிந்துகொண்டவர் எவராலும் ஏமாற்றப்படமாட்டார்.